திருகோணமலைக்குக் கிழக்கே ஒன்பது பிளென்ஹைம்கள்

மாற்றலில் கொச்சிக்கு வந்து இடக்கொச்சிப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தலைக்கு மேலே போகும் விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. வில்லிங்டன் தீவில் கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா தளம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் டார்னியர் 228 விமானங்கள் கடலோரக் காவலுக்குப் போவதும் வருவதுமாக இருக்கும்.

டார்னியர் என்றால் இங்கே பலருக்கும் நம் கடற்படைதான் நினைவுக்கு வரும். 1930களில் அதே ஜெர்மன் கம்பெனி செய்த வேறொரு விமானம் ஐரோப்பாவைக் கலக்கியது. டார்னியர் 17 என்று பெயர். பென்சில் மாதிரி மெலிந்த உடம்பு. 1937இல் சூரிச்சில் நடந்த விமானப் போட்டியில், வந்திருந்த சண்டை விமானங்களையே அது பின்னுக்குத் தள்ளியது. குண்டு போடுகிற விமானம் சண்டை விமானத்தை விட வேகமாகப் பறந்தால் அதை யார் பிடிப்பது? பிடிக்கவே முடியாததற்குத் துப்பாக்கி எதற்கு, கவசம் எதற்கு? இந்த யோசனைக்கு ஜெர்மானியர்கள் 'ஷ்னெல்பாம்பர்' என்று பெயரே வைத்திருந்தார்கள். வேகக் குண்டுவீச்சு விமானம் என்று அர்த்தம்.

பிரிட்டிஷ்காரர்களுக்கும் இதே ஆசை வந்தது. வந்த விதம்தான் வேடிக்கை. 'டெய்லி மெயில்' பத்திரிகையின் முதலாளி லார்ட் ராதர்மியர் 1934இல் தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு வேகமான பயணிகள் விமானம் வேண்டும் என்று பிரிஸ்டல் கம்பெனியிடம் ஆர்டர் கொடுத்தார். அது 1935 ஏப்ரல் 12 அன்று முதன்முதலாகப் பறந்தது. சோதித்துப் பார்த்தால் மணிக்கு 490 கி.மீ.க்கு மேல்! அன்றைக்கு பிரிட்டிஷ் விமானப்படை வாங்கவிருந்த புதிய சண்டை விமானத்தை விட 80 கி.மீ. அதிகம். பணக்காரரின் வாகனம் அரசாங்கத்தின் போர் விமானத்தை முந்துகிறது என்றால் மானப் பிரச்சினை அல்லவா? ராதர்மியர் அதை நாட்டுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம்.

இங்கிருந்துதான் கணக்கு மாறுகிறது. பயணிகள் விமானத்தில் குண்டு ஏற்றி, சுழலும் துப்பாக்கி மேடை வைத்து, ரேடியோ வைத்து, மூன்று பேரையும் உட்கார வைத்தபோது எடை ஏறியது, வேகம் இறங்கியது. பிளென்ஹைம் 4 என்ற ரகத்தின் உச்ச வேகம் மணிக்கு சுமார் 428 கி.மீ. அதுவும் நல்ல நாளில். இதற்குள் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 மணிக்கு 550 கி.மீ.யைத் தாண்டிவிட்டது.

காமர்ஸ் படித்தவனுக்கு இதைப் பார்த்தால் தேய்மானக் கணக்குதான் தோன்றும். இயந்திரம் புத்தம் புதிதாகவே இருக்கும். பெயிண்ட் கூட உரிந்திருக்காது. ஆனால் பக்கத்துக் கடைக்காரன் அதைவிட நல்லது ஒன்றை வாங்கிய அன்றைக்கே நம்முடையதன் மதிப்பு பாதியாகிவிடும். கம்பெனிகள் இந்த நஷ்டத்தை எழுதாமல் பழைய ஏட்டு மதிப்பிலேயே வருஷக்கணக்காக ஓட்டுவதுண்டு. பிரிட்டிஷ் விமானப்படையும் அப்படித்தான் ஓட்டியது.

எழுதாத நஷ்டத்தை 82வது ஸ்குவாட்ரன் கட்டியது. 1940 மே 17 அன்று பெல்ஜியத்தில் ஜெம்ப்ளூ அருகே ஜெர்மன் படைகளைத் தாக்கப் பன்னிரண்டு பிளென்ஹைம்கள் போயின. துணைக்குச் சண்டை விமானம் இல்லை. மெஸ்ஸர்ஷ்மிட்கள் வந்தன. திரும்பியது ஒன்று. ஸ்குவாட்ரனைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்து, புது ஆட்களைப் போட்டு மறுபடி நிறுத்தினார்கள். மூன்று மாதம் கழித்து ஆகஸ்ட் 13 அன்று டென்மார்க்கின் ஆல்போர் விமானதளத்துக்கு மீண்டும் பன்னிரண்டு. ஒன்று பாதி வழியில் எரிபொருள் போதாது என்று திரும்பிவிட்டது. மிச்சம் பதினொன்றில் ஒன்று கூட வரவில்லை. ஒரே ஸ்குவாட்ரனுக்கு இரண்டு முறை! (இந்த 82 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் ஊருக்கே வரப்போகிறது.)

சரி, ஐரோப்பாவில் செல்லாத காசை என்ன செய்வார்கள்? கிழக்கே அனுப்புவார்கள்.

1942 மார்ச்சில் 11வது ஸ்குவாட்ரன் தன் பிளென்ஹைம்களோடு எகிப்துப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தது. சிங்கப்பூர் பிப்ரவரியிலேயே விழுந்துவிட்டது. ரங்கூனும் போய்விட்டது. அந்தமானில் ஜப்பானியர் இறங்கிவிட்டார்கள். இலங்கையும் போனால் வங்காள விரிகுடா முழுக்க அவர்கள் கையில். கொழும்பிலிருந்து கொச்சித் துறைமுகத்துக்கு நேர்கோட்டில் சுமார் 500 கி.மீ.தான், குண்டுவீச்சு விமானத்துக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். கொழும்பில் விமானதளம் போதாமல் குதிரைப் பந்தய மைதானத்தையே ஓடுபாதையாக மாற்றியிருந்தார்கள். பந்தயம் பார்க்கும் மாடத்துக்கு எதிரே சண்டை விமானமும் குண்டு விமானமும் வரிசையாக நின்றன.

அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்தார். ஆகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுயிகாகு. நாலு மாதம் முன்பு பேர்ல் ஹார்பரை எரித்த அதே கூட்டம். ஏப்ரல் 4 மாலை, கொக்கலை ஏரியிலிருந்து போன காட்டலினா கடல் விமானம் ஒன்று அவர்களைக் கண்டுபிடித்தது. அதன் கனடா நாட்டு விமானி லெனார்ட் பிர்சால் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோ விமானங்கள் அதை வீழ்த்திவிட்டன. அவர் கைதியானார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. 127 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்றே கடலில் கார்ன்வால், டார்செட்ஷையர் என்ற இரண்டு குரூசர்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். 11வது ஸ்குவாட்ரன் அன்றும் எதிரியைத் தேடிப் போனது. பரந்த கடலில் ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்கு ஓடினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று உயிர்க்காட்சி சாலையில் சிங்கம், புலிகளைச் சுட்டே கொன்றார்கள். 'ஜப்பான்காரன் வர்றான்' என்று ஓடிய கதை உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிகளும் சொல்லியிருக்கக் கூடும். எல்லாம் இந்த ஒரு வாரத்தில் நடந்தது.

ஏப்ரல் 9, வியாழக்கிழமை. காலையில் 132 விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்று நாள்கணக்கில் எரிந்தது. அதே காலையில் கொழும்பு பந்தய மைதானத்திலிருந்து பதினொரு பிளென்ஹைம்கள் கிளம்பின. இரண்டு இயந்திரக் கோளாறால் திரும்பின. ஒன்பது போயின. துணைக்கு ஒரு சண்டை விமானம் கூடக் கிடையாது. இருந்த ஹரிகேன்களுக்கு அவ்வளவு தூரம் போய்த் திரும்ப எரிபொருள் போதாது.

பத்தரை மணி வாக்கில் கீழே ஜப்பானியக் கப்பல்கள் தெரிந்தன. பிளென்ஹைம்கள் 11,000 அடி உயரத்தில். ஜப்பானியக் கப்பல்களில் ரேடார் கிடையாது. கண்ணால் பார்த்துச் சொல்ல ஆட்களை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். ஹிர்யுவில் இருந்தவர்கள் இவர்களைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் மற்ற கப்பல்களுக்குச் சொல்லவில்லை! காவலுக்குச் சுற்றிக்கொண்டிருந்த ஜீரோக்களுக்கும் தெரியாது. நகுமோவின் கொடிக்கப்பல் ஆகாகியைச் சுற்றிக் கடல் நீர் பனைமர உயரத்துக்கு எழும்பியபோதுதான், அதாவது குண்டுகள் விழுந்த பிறகுதான், தலைக்கு மேலே ஆள் இருப்பது புரிந்தது. எல்லாக் குண்டும் பக்கத்தில்தான் விழுந்தன. ஒன்றும் கப்பலில் படவில்லை.

வேகத்தை நம்பிச் செய்த விமானத்துக்கு எதிரிக்கு எவ்வளவு நேரம் முன்னே தகவல் போகிறது என்பதுதான் உயிர். கீழே இருந்து சண்டை விமானம் உயரம் ஏறி வருவதற்குள் இது குண்டைப் போட்டுவிட்டு எட்டப் போயிருக்க வேண்டும். அன்று உள்ளே நுழையும் வரை பிளென்ஹைம்களுக்கு வேகம் தேவைப்படவே இல்லை, எதிரி தூங்கினான். திரும்பி ஓடுவதற்குத்தான் வேகம் வேண்டியிருந்தது. அது இல்லை. ஜீரோவின் வேகம் 533 கி.மீ. இவர்களுடையது அதிகபட்சம் 428. பின்னால் துரத்துபவன் நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் கி.மீ. நெருங்கிக்கொண்டே வருவான். வந்து 20 மி.மீ. பீரங்கியால் சுடுவான். இவர்களிடம் முதுகில் இருந்ததெல்லாம் இரண்டு சிறு துப்பாக்கிகள். ஒருவரை ஒருவர் ஒட்டியபடி பறந்து, எல்லாத் துப்பாக்கியையும் ஒரே பக்கம் திருப்பிச் சுடுவதுதான் தெரிந்த ஒரே தற்காப்பு. ஒன்று விழுந்தால் வரிசையில் ஓட்டை விழும். அடுத்தது அந்த ஓட்டை வழியாகப் போகும்.

நாலு பிளென்ஹைம்கள் கப்பல்களுக்கு மேலேயே வீழ்ந்தன. இவர்களும் சும்மா விழவில்லை. ஹிர்யுவின் சண்டை விமானப் பிரிவுத் தலைவர் லெப்டினன்ட் நோனோ சுமியோ இந்தச் சண்டையில் செத்தார். மிச்சம் ஐந்தும் கொழும்பை நோக்கி ஓடும்போது இன்னொரு கெட்ட நேரம். மட்டக்களப்புக்கு எதிரே ஹெர்மஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஜப்பானிய விமானங்கள் எதிரே வந்தன. அதில் ஐந்தாவது போனது. ஒரு விமானத்துக்கு மூன்று பேர். கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ஹெர்மஸில் 307 பேர் இறந்தார்கள். விமானந்தாங்கிக் கப்பல் என்று பெயர், அன்று அதில் ஒரு விமானம் கூட இல்லை! தண்ணீரில் தத்தளித்தவர்களில் சுமார் 600 பேரை வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் காப்பாற்றியது.

அன்றைய ஏட்டில் இந்தத் தாக்குதல் முழு நஷ்டம். ஒன்பது போய் ஐந்து காலி, பலன் பூஜ்யம். பல யுத்தப் புத்தகங்களில் இது ஒரு வரிக்கு மேல் தேறாது. என் கண்ணுக்கு விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் கூட்டத்தை ஒருங்கிணைந்த விமானத் தாக்குதல் தொட்டது உலகிலேயே அதுதான் முதல் முறை. ரேடார் இல்லை, பார்த்தவன் பக்கத்துக் கப்பலுக்குச் சொல்லவில்லை, காவல் விமானங்களைச் சரியான இடத்துக்கு அனுப்ப வழியில்லை என்று மூன்று ஓட்டைகளை அந்த ஒன்பது விமானங்கள் இலவசமாகக் காட்டிக் கொடுத்தன. எங்கள் வங்கி பாஷையில் இது ஆடிட் ஆட்சேபணை. ஜெயித்துக்கொண்டிருக்கும் கிளையில் ஆடிட் ரிப்போர்ட்டை யார் படிக்கிறார்கள்?

எட்டு வாரம் கழித்து ஜூன் 4, மிட்வே. அதே ஆகாகி, அதே சோர்யு, அதே ஹிர்யு, கூட ககா. மேலே அமெரிக்க டைவ் பாம்பர்கள் வந்து தலைகீழாகப் பாயும் வரை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சில நிமிடங்களில் மூன்று கப்பல்கள் தீயில். மாலைக்குள் ஹிர்யுவும். பக்கத்துக் கப்பலுக்குச் சொல்லாத அதே ஹிர்யு.

ஆனால் வேகக் குண்டுவீச்சு விமானம் என்ற யோசனை தப்பா? இல்லை என்று காட்டியது மொஸ்கிட்டோ. 1940 நவம்பரில் முதலில் பறந்தது. பால்சா கட்டையும் பிளைவுட்டும் பசை போட்டு ஒட்டிய மர விமானம். இரண்டு பேர், இரண்டு இயந்திரம். குண்டு போடும் ரகத்தில் ஒரு துப்பாக்கி கூடக் கிடையாது. முதலில் வந்த குண்டுவீச்சு ரகமே மணிக்கு 600 கி.மீ.யைத் தொட்டது. அதற்கும் ஆபத்து வராமல் இல்லை. 1942 செப்டம்பரில் ஆஸ்லோவைத் தாக்கப் போன நாலில் ஒன்றை ஃபோக்கவுல்ஃப் 190 பிடித்துவிட்டது. ஆனாலும் மொத்தத்தில் ஜெர்மானியர் தவித்துப் போனார்கள். 1943 ஜனவரி 30 அன்று பெர்லினில் கோரிங் ரேடியோவில் பேச வேண்டிய நேரத்தில் மொஸ்கிட்டோக்கள் குண்டு போட, பேச்சு தள்ளிப் போனது. இதைத் துரத்திப் பிடிக்கவென்றே அந்த வருஷம் இரண்டு தனிப் படைப்பிரிவுகள் அமைத்து, பெரிதாக ஒன்றும் கிடைக்காமல் சில மாதங்களிலேயே கலைத்தார்கள். 1944 ஜூலை 26 அன்று மியூனிக் பக்கம் ஒரு மொஸ்கிட்டோவின் பின்னால் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் தோன்றியது. மணிக்கு 850 கி.மீ.க்கு மேல். மொஸ்கிட்டோ விமானி வளைந்து திரும்பி, மேகத்துக்குள் புகுந்து, இத்தாலியில் போய் இறங்கித் தப்பினார். இருந்தாலும் அன்றிலிருந்து அதற்கும் தேய்மானம் ஆரம்பமாகிவிட்டது.

82வது ஸ்குவாட்ரன் என்னவாயிற்று? 1942இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, வெஞ்சென்ஸ் என்ற டைவ் பாம்பர் ஓட்டி, 1944இல் கடைசியாக மொஸ்கிட்டோ பெற்றது. அப்பாடா என்று இருந்திருக்கும். ஆனால் இங்கே எதிரி ஜப்பானியன் மட்டும் இல்லை. பறக்கும்போதே இறக்கையில் ஒட்டு விட்டுப்போய்ச் சில விமானங்கள் நொறுங்கின. 1944 நவம்பர் 12 அன்று இந்தியாவில் இருந்த மொஸ்கிட்டோக்களைத் தரையில் நிறுத்தினார்கள். இந்த வெயிலும் மழையும்தான் காரணம் என்றது ஒரு கட்சி, பசை ஒட்டியவன் சரியாக ஒட்டவில்லை என்றது இன்னொரு கட்சி. கேரளத்தில் ஒரு ஜூன் மாதம் மர பீரோ வைத்திருப்பவர்கள் எந்தக் கட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சோதித்து, தேறியதை மட்டும் மறுபடி பறக்க விட்டு, பர்மா யுத்தம் முடியும் வரை ஓட்டினார்கள்.

11வது ஸ்குவாட்ரனின் பிளென்ஹைம்களை 1943இல் மாற்றிவிட்டார்கள். கொழும்பு பந்தய மைதான மாடத்தைப் புதுப்பித்து இப்போது கடைகள் வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்புக்கு எதிரே கடலுக்கடியில் கிடக்கும் ஹெர்மஸைப் பார்க்க வெளிநாட்டு முக்குளிப்பாளர்கள் வருகிறார்கள். ஏப்ரல் 9 அன்று வீழ்ந்த பிளென்ஹைம்களைத் தேடிப் போக அப்படி ஓர் இடம் கிடையாது. இந்தக் கடல்களில் விழுந்து உடல் கிடைக்காத காமன்வெல்த் விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவிடத்துச் சுவர்களில் இருக்கின்றன. மொத்தம் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள், நம் பக்கத்துச் சிப்பாய்களின் பெயர்களும் சேர்த்து. சிங்கப்பூரில் இருப்பவர்கள் பிள்ளைகளை ஒரு ஞாயிறு காலை அழைத்துப் போகலாம். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், ஏறினால் நிழல் குறைவு.