உப்பளக் கரையின் பெயர்களும் எழுத்துப்பிழையின் வரலாறும்

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில், புதுச்சேரிக்கு வடக்கே அமைந்த மரக்காணத்து உப்பளங்களில் பாத்திகளில் உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, படிந்த பரலை வாரிக் குவிக்கிறார்கள். அவ்வாறு விளையும் கல்லுப்பை இன்று இணைய அங்காடியில் வாங்க முற்படுவோர் அதனைக் கல்லுப்பு என்றும், இடைவெளி விட்டுக் கல் உப்பு என்றும், லகர ளகரம் மயங்கிக் கள்ளுப்பு என்றும், ஆங்கில எழுத்தில் ஒற்றை எல் இட்டும் இரட்டை எல் இட்டும் எழுதுகின்றனர். இவை அனைத்தும் ஒரே பொருளைக் குறிப்பன என்பதைத் தேடுபொறி, அதாவது சரக்குப் பட்டியலில் கேட்டதைத் துழாவி எடுக்கும் நிரல், உணர்ந்தாக வேண்டும். கணினியோடு பிறந்த சிக்கலாகத் தோன்றினும், இக்கரையின் ஊர்ப்பெயர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக இதே சிக்கலுக்கு உட்பட்டு வந்துள்ளன.

கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ‘எரித்திரியக் கடற்பயணம்’ என்னும் கிரேக்க நூல் சோழமண்டலக் கரையில் சோபட்மா என்றொரு துறையைச் சொல்கிறது. ஆய்வாளர் பலர் அதனை மரக்காணத்தோடு பொருத்துகின்றனர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினமும் இவ்வூரே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. கிரேக்க மாலுமி காதால் கேட்டதைத் தன் எழுத்தில் அடக்கியதால் நேர்ந்த திரிபு ஒருவகை என்றால், தமிழ்ப் பாட்டு ஓலையில் படியெடுக்கப்பட்டு வந்ததால் நேர்ந்த திரிபு வேறுவகை.

ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் குறியில் வேறுபாடு இல்லை. கால் என்னும் நெடிற்குறியும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ஆகவே மரக்காணம் என்ற பெயரை அம்முறையில் எழுதினால் ‘மரககரணம’ என்றே கண்ணுக்குத் தோன்றும். அதனை மரக்கரணம் என்று படித்தாலும் பிழை சொல்ல இடமில்லை, ஊரை முன்பே அறிந்தவர் மட்டுமே சரியாகப் படிப்பார். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறில் நெடில் வேறுபாட்டுக்குத் தந்த குறிகளும், பின்னர் அச்சுக்கூடங்கள் புள்ளியை நிலைநிறுத்தியதும் இம்மயக்கத்தைக் குறைத்தன என்றாலும், அதற்குள் பல தலைமுறை ஏடுகள் பிழையோடு படியெடுக்கப்பட்டுவிட்டன.

உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது, சிறுபாணாற்றுப்படையும் அதனோடு எயிற்பட்டினமும் அச்சுக்கு வந்தன. பல ஊர்களில் தேடித் திரட்டிய ஏடுகளை ஒப்புநோக்கி, எந்த எழுத்து எந்த எழுத்தாக மயங்கும் என்பதை உய்த்துணர்ந்து பாடங்களைத் தீர்மானித்த அவரது உழைப்பைத் தமிழுலகம் எவ்வளவு போற்றினாலும் தகும். கொள்ளத்தக்க பாடத்தை மூலத்தில் நிறுத்தி, மாறுபட்ட பாடங்களைப் பிரதிபேதம் என்று அடியில் காட்டும் பதிப்பு மரபு அவர் வழியே வேரூன்றியது. ஒன்றைத் தேர்ந்தபோதும் மற்றவற்றை அழிக்காமல் வைத்த இம்முறை, தேடல் என்னும் தொழிலுக்கும் அடிப்படையாகக் கொள்ளத்தக்கது.

ஆங்கில ஆட்சியில் ஊர்ப்பெயர்கள் உரோமன் எழுத்தில் ஏறியபோது புதிய மயக்கங்கள் கிளைத்தன. இன்றும் மரக்காணம் ஆங்கிலத்தில் ஒரு கே இட்டும் இரண்டு கே இட்டும் எழுதப்படுகிறது. அதன் அருகில் உள்ள பெரிய உவர்நீர் ஈரநிலத்தின் பெயரோ தமிழிலேயே கழுவெளி, கழுவேலி என இருவகையாக வழங்குகிறது. ஆங்கிலத்தில் ழகரத்துக்கு எல் எழுதுவோரும் உண்டு, இசட் எச் எழுதுவோரும் உண்டு. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின்னும் இந்நிலை மாறவில்லை. 2020ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியிட்ட ஆணை, எழுந்த எதிர்ப்பால் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

பிழையைத் திருத்தாமல், பிழையோடு தேடிக் கண்டுபிடிக்கும் வழியை அமெரிக்காவில் இராபர்ட் ரசல் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை காட்டியது. பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விலக்கி, ஒலியால் நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண்ணைக் கொடுப்பது அதன் நெறி. 1930களில் அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெயர் அட்டைகள் இதன்படி அடுக்கப்பட்டன. மரக்காணத்தை ஒரு கே இட்டு எழுதினாலும் இரண்டு கே இட்டு எழுதினாலும் இம்முறையில் எம் 625 என்ற ஒரே குறி கிடைக்கிறது. ஆனால் கழுவெளியை எல் இட்டு எழுதினால் கே 414 என்றும், இசட் எச் இட்டு எழுதினால் கே 214 என்றும் இருவேறு பெட்டிகளில் போய் விழுகிறது. அமெரிக்கக் குடும்பப் பெயர்களுக்காக வகுத்த ஒலிக்கூட்டங்களில் ழகரத்துக்கு இடமில்லாததே காரணம்.

1964இல் பிரெடெரிக் டமெராவ், எழுத்துப்பிழைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ஓரெழுத்து விடுபடுதல், மிகுதல், மாறுதல், அடுத்தடுத்த இரண்டெழுத்து இடம்மாறுதல் ஆகியவற்றுள் ஒன்றே என்று காட்டினார். மறு ஆண்டில் விளாதிமிர் லெவன்ஷ்தைன் ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்றத் தேவையான குறைந்தபட்ச மாற்றங்களை அவற்றின் தொலைவாகக் கொள்ளும் கணக்கை வகுத்தார். இன்றைய இணையக் கடைகள் பலவற்றின் தேடல் இக்கணக்கையே நம்பியுள்ளது. பரவலாக வழங்கும் எலாஸ்டிக்சர்ச் மென்பொருளின் தானியங்கு அமைப்பில், மூன்று முதல் ஐந்து குறிகள் கொண்ட சொல்லுக்கு ஒரு பிழையும், அதனினும் நீண்ட சொல்லுக்கு இரண்டு பிழைகளும் பொறுக்கப்படுகின்றன.

தமிழுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. உப்பு என்பது தமிழருக்கு மூன்றெழுத்து; யூனிகோடு குறியேற்றத்திலோ உகரம், பகரம், புள்ளி, பகரம், உகரக்குறி என ஐந்து குறிகள். ஒற்றை விட்டு ‘உபு’ என்று ஒருவர் தட்டினால் விடுபட்டது ஓரெழுத்தே. எனினும் கணினி பகரமும் புள்ளியும் விடுபட்டதாக இரண்டு பிழை எண்ணுகிறது. தட்டியது மூன்று குறிச் சொல்லாதலால் ஒரு பிழையே பொறுக்கப்படும், உப்பு கிடைக்காது. ஒற்று விடுதல் தமிழ் எழுதுவோரிடம் மிகப் பரவலான பிழை என்பதை நினைத்தால், இக்குறை சிறியதன்று. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி தரும் டேஸ்16 குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றதாயினும், இணைய உலகம் யூனிகோடிலேயே நிலைத்துவிட்டது. ஆகவே எழுத்தை எழுத்தாக எண்ணும் வேலையைத் தேடுபொறி அமைப்போரே செய்துகொள்ள வேண்டும்.

லகர ளகர ழகரங்களையும், ரகர றகரங்களையும், நகர னகர ணகரங்களையும் ஒன்றாக்கிவிட்டால் போதும் என்று எண்ணுவதும் முழுமையாகாது. அவ்வாறு செய்தால் பள்ளிப் பை தேடுபவருக்குப் பல்லி விரட்டியும் சேர்ந்து வந்து நிற்கும். கேட்ட எழுத்திலேயே உள்ள சரக்கை முதலில் நிறுத்தி, மயங்கும் எழுத்தால் வந்தவற்றை அதன் கீழே காட்டுவதே தக்கது. 1889இன் பத்துப்பாட்டுப் பதிப்பாசிரியர் பாடத்தையும் பிரதிபேதத்தையும் வைத்த ஒழுங்கும் ஏறத்தாழ இதுவே.