பாகூரிலிருந்து பாரீசுக்கு

புதுச்சேரியின் வடக்கே திருக்கனூர்ப் பக்கம் சங்கராபரணி, தெற்கே பாகூர்ப் பக்கம் தென்பெண்ணை. இந்த ஆற்றங்கரைகளில் பழம்பொருள் என்று பேச்செடுத்தால் எல்லோரும் அரிக்கமேட்டுக்குத்தான் போவார்கள். அங்கே ரோமாபுரிச் சரக்கு வந்திறங்கியது பெரிய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கிருந்து கிளம்பிப் போன ஒன்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஐந்து செப்பேடுகள். ஒரே வளையத்தில் கோத்து, பல்லவர் காளை முத்திரை பதித்தவை. பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டவை. சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி என்ற மூன்று ஊர்களை வாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, கொடுத்த சாசனம் இது. அந்த வாகூர்தான் இன்றைய பாகூர். நிலைதாங்கி என்ற தலைவன் கேட்க, அரசன் கொடுத்தான். கடுவனூர் என்ற பெயர் பாகூர்க் கொம்யூனில் இன்றும் புழங்குகிறது.

கல்லூரிக்கு எதற்கு ஊர்? சொல்லிக்கொடுப்பவரும் படிப்பவரும் சாப்பிட வேண்டுமே! அந்த ஊர்களின் விளைச்சலும் வருவாயும்தான் அவர்களுக்குச் சோறு. அரசர்கள் மாறுவார்கள், ஓலையைக் கரையான் தின்னும், செம்பு நிற்கும்; அதனால்தான் சாசனத்தைச் செம்பில் வெட்டினார்கள். ஏட்டின் வடமொழிப் பகுதி அரச குலத்தைப் புகழ்கிறது. சிவன் சடையில் கங்கையைத் தாங்கியதுபோல வாகூர் கல்வி என்னும் ஆற்றைத் தாங்கி நிற்கிறது என்று புலவர் பாடியதும் அதில்தான். தமிழ்ப் பகுதியோ காரியத்தில் கண்ணாக இருக்கிறது: எந்த நிலம், எதுவரை எல்லை. பின்னால் வழக்கு வந்தால் கைகொடுப்பது இரண்டாவதுதான்.

பல்லவர் போனார்கள், சோழர் வந்தார்கள், வித்யாஸ்தானமும் மறைந்தது. ஆயிரம் ஆண்டு கழித்து, 1879இல், ஜூல் தெ லா ஃபோன் என்ற பிரெஞ்சுக்காரர் பாகூரில் இந்த ஏடுகளைக் கண்டெடுத்தார். அப்போது புதுச்சேரியை ஆண்டது பிரான்ஸ். ஏடுகள் கப்பலேறிப் பாரீஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் படித்து ‘எபிகிராஃபியா இண்டிகா’ 18ஆம் தொகுதியில் பதிப்பித்தவர் ஹூல்ட்ஸ். முன்பு சென்னையில் அரசுக் கல்வெட்டாய்வாளராக இருந்த ஜெர்மானியர். ஆக, பாகூரின் பத்திரம் பாரீசில், அதைப் படித்துச் சொன்னவர் ஜெர்மனியில்.

மூலம் திரும்புமா என்பது அரசுகள் பேச வேண்டிய விஷயம். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாசகம் அச்சில் இருக்கிறது. அதைச் செம்பில் வெட்டி, எளிய தமிழில் பொருளும் எழுதி, பாகூரில் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் வைக்கப் புதுச்சேரி அரசு முன்வர வேண்டும்.