மேற்கோள்களை எண்ணிய வரலாறு

பல்கலைக்கழகங்களை ஆய்வின் வலிமை பார்த்து வரிசைப்படுத்தும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்தது. உளவியலாளர் ஜேம்ஸ் மெக்கீன் காட்டெல் 1906-இல் அந்நாட்டு அறிவியலாளர்களின் விவரத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டு, அவர்களில் தலைசிறந்த ஆயிரம் பேருக்கு நட்சத்திரக் குறி இட்டார். 1910-இல் வந்த இரண்டாம் பதிப்பில், எந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை நட்சத்திரக்காரர்கள் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டு ஒரு பட்டியலும் போட்டார். அந்தக் கணக்கில் வரலாற்றாசிரியருக்கோ இலக்கிய அறிஞருக்கோ இடமில்லை.

மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல் போன்ற மானுடத் துறைகள் வரிசைக்குள் வந்தது 1925-இல். ஒஹாயோ மாநிலத்து மயாமி பல்கலைக்கழகத்தின் தலைவர் ரேமண்ட் ஹியூஸ், முனைவர் பட்டம் வழங்கும் 38 பல்கலைக்கழகங்களை 20 துறைகளில் தரம் பிரித்தார். அவர் எதையும் எண்ணவில்லை. அந்தந்தத் துறை அறிஞர்களிடம் கருத்துக் கேட்டார், அவ்வளவுதான். 1966-இல் அமெரிக்கக் கல்விக் கவுன்சிலுக்காக ஆலன் கார்ட்டர் 106 பல்கலைக்கழகங்களை 29 துறைகளில் மதிப்பிட்டபோதும் அடிப்படை மாறவில்லை. பழைய பெருமை புதிய உழைப்பை மறைத்துவிடும் என்ற குறை இம்முறைக்கு உண்டு. ஆயினும் கிரேக்க இலக்கியம் கற்பிப்பவரும் வேதியியல் கற்பிப்பவரும் ஒரே விதமாக, தம் துறைக்காரர்களின் வாயால், மதிப்பிடப்பட்டார்கள்.

எண்ணிப் பார்க்கும் கருவி வேறு தேவைக்காகச் செய்யப்பட்டது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்று காட்டும் ஷெப்பர்டின் அட்டவணையை அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873 முதலே கையாண்டு வந்தார்கள். அதே முறையில் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் மேற்கோள் அட்டவணை தயாரிக்கலாம் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். பிலடெல்பியாவில் அவர் நடத்திய நிறுவனம், 1961-ஆம் ஆண்டின் 613 இதழ்களை அலசி முதல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை உருவாக்கியது. ஒரு கருத்து எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று ஆய்வாளர் தேடிப் பிடிக்க உதவுவதே அதன் முதல் நோக்கம். யார் பெரியவர் என்ற கேள்வி பிறகுதான் ஒட்டிக்கொண்டது. அறிவியலை அளக்கக் கருவி செய்த கார்ஃபீல்டு முனைவர் பட்டம் வாங்கியது மொழியியலில் என்பது இந்தக் கதையின் ஒரு வேடிக்கை.

1973-இல் சமூக அறிவியலுக்கும் 1978-இல் கலை, மானுடத் துறைகளுக்கும் தனி அட்டவணைகள் வந்தன. பின்னதைத் தொகுத்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே சிக்கல். கலை வரலாற்றுக் கட்டுரை ஒன்று ஓர் ஓவியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். அடிக்குறிப்பில் அந்த ஓவியம் இராது. எனவே பேசப்பட்ட ஓவியங்களையும் இசைப் படைப்புகளையும் மேற்கோளாகக் கொண்டு அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். 1980 முதல் 1992 வரை அந்த அட்டவணையில் அதிகம் எடுத்தாளப்பட்டவை எவை என்று பார்த்தபோது மார்க்ஸ், லெனின், ஷேக்ஸ்பியர், அரிஸ்டாட்டில், பைபிள், பிளேட்டோ, ஃபிராய்டு என்று வரிசை நின்றது. எட்டாவதாக வந்த நோம் சோம்ஸ்கி ஒருவர்தான் அப்போது உயிரோடு இருந்தவர். அரிஸ்டாட்டிலின் மேற்கோள்களை எந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் எழுதுவது?

இயற்பியல் ஆய்வாளர் பெரும்பாலும் அண்மை ஆண்டுகளின் கட்டுரைகளையே சுட்டுவார். வரலாற்று ஆய்வாளர் நூறாண்டுக்கு முந்தைய நூலையும் விடமாட்டார். இந்த வேறுபாட்டை, கடைசி ஐந்தாண்டு மேற்கோள்கள் எத்தனை விழுக்காடு என்ற கணக்கால் அறிவியல் வரலாற்றாசிரியர் டெரக் பிரைஸ் 1970-லேயே அளந்து காட்டியிருந்தார். உ.வே. சாமிநாதையர் 1892-இல் பதிப்பித்த சிலப்பதிகாரம் இன்றும் ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் வருகிறது; ஓர் இதழின் கட்டுரை சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகிறது என்று காட்டும் 'தாக்கக் காரணி'யைக் கணிப்பதற்கோ முந்தைய இரண்டே ஆண்டுகளின் கட்டுரைகள்தான் கணக்கு. இது போக, மானுடத் துறைகளின் முதன்மையான வெளியீடு நூல். அட்டவணைகளோ இதழ்களின் மேல் கட்டப்பட்டவை. நூல்களுக்கான மேற்கோள் அட்டவணை 2011-இல்தான் வந்தது. மொழியும் ஒரு தடை. போலந்து நாட்டு நிலவுரிமை வரலாற்றைப் போலிஷ் மொழியில் எழுதுவதே இயல்பு. அட்டவணையில் ஏறியவையோ பெரும்பாலும் ஆங்கில இதழ்கள்.

இந்தக் கருவியோடுதான் 2003-இல் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகம் முதல் உலகத் தரவரிசையை வெளியிட்டது. சீனப் பல்கலைக்கழகங்கள் உலகின் முன்னணியிலிருந்து எவ்வளவு பின்தங்கியுள்ளன என்று அறிவதே அவர்கள் நோக்கமாக இருந்தது. அதன் மதிப்பெண்ணில் 20 விழுக்காடு 'நேச்சர்', 'சயன்ஸ்' இதழ்க் கட்டுரைகளுக்கு. பேராசிரியர்கள் பெற்ற நோபல் பரிசுகளைக் கணக்கிடும்போது இலக்கியப் பரிசு சேராது. மானுடத் துறை அட்டவணையும் சேராது. சமூக அறிவியல் கட்டுரை ஒன்றை இரண்டாக எண்ணும் சலுகை மட்டும் உண்டு. லண்டன் பொருளாதாரப் பள்ளி போன்ற நிறுவனங்களுக்கு 'நேச்சர்', 'சயன்ஸ்' அளவையை நீக்கிவிட்டு, அந்த மதிப்பெண்ணை மற்றவற்றுக்குப் பகிர்ந்தளித்தார்கள். ஒட்டுப்போட்ட சட்டைதான்.

தரவரிசை வெளியிடும் மற்றொரு நிறுவனமான கியூ.எஸ்., 2011-இல் தொடங்கிய தன் துறைவாரித் தரவரிசையில் வேறு வழியில் போனது. பின்னர் சேர்த்த நுண்கலை, வடிவமைப்புத் துறையில் மேற்கோளை முற்றாக விட்டுவிட்டு, 90 விழுக்காட்டை அறிஞர்களின் கருத்துக்கும் 10 விழுக்காட்டை வேலை தருவோரின் கருத்துக்கும் ஒதுக்கியது. ஹியூஸ் 1925-இல் கடிதம் எழுதிக் கேட்டதை இவர்கள் இணையத்தில் கேட்டார்கள். நெதர்லாந்தின் லெய்டன் தரவரிசையில் சமூக அறிவியலுக்கும் மானுடத் துறைகளுக்கும் சேர்த்துத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் மேற்கோள் கணக்குக்கு அது எடுத்துக்கொள்வது ஆங்கிலத்தில், பன்னாட்டு வீச்சுள்ள இதழ்களில் வந்தவற்றை மட்டுமே. மானுடத் துறை இதழ்கள் பலவும் இந்தச் சல்லடையில் நிற்பதில்லை என்று அதை நடத்துவோரே சொல்லிவிடுகிறார்கள். அந்த நேர்மை மற்றப் பட்டியல்காரர்களிடம் அரிது.

ஐரோப்பாவில் எதிர்ப்பும் மாற்றும் சேர்ந்தே எழுந்தன. மானுடத் துறை இதழ்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்து ஐரோப்பிய அறிவியல் அறக்கட்டளை பட்டியலிட்டபோது, அறிவியல் வரலாற்று இதழ்களின் ஆசிரியர்கள் கூட்டறிக்கை விட்டுத் தங்கள் இதழ்களை நீக்கச் சொன்னார்கள். பின்னர் அந்த எழுத்துகளே கைவிடப்பட்டன. நார்வே மேற்கோளைத் தொடாமல் வெளியீட்டையே எண்ணியது: சாதாரண இதழ்க் கட்டுரைக்கு 1 புள்ளி, தனிநூலுக்கு 5, மதிப்புமிக்க பதிப்பகத்தில் வந்த நூலுக்கு 8. எழுதப்பட்ட மொழி எதுவானாலும் சரி. பிரிட்டன் 1986 முதல் அறிஞர் குழுக்களைக் கொண்டு ஆய்வுகளை மதிப்பிட்டு வருகிறது. 2014-இல் அங்கே 'தாக்கம்' என்ற சொல்லுக்கே பொருள் மாறியது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே சமூகத்தில் ஆய்வு விளைவித்த மாற்றம் என்று அதற்கு விளக்கம் தந்து 20 விழுக்காடு ஒதுக்கினார்கள். 2021-இல் அது 25 ஆயிற்று. அந்த 2021 மதிப்பீட்டில் கலை, மானுடத் துறைக் குழுக்கள் மேற்கோள் எண்ணிக்கையைப் பயன்படுத்தவே இல்லை.

இந்திய அரசின் தேசியத் தரவரிசை 2016-இல் தொடங்கியது. வெளியீடுகளையும் மேற்கோள்களையும் அது ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் ஆகிய இரு தரவுத்தளங்களிலிருந்தே எடுக்கிறது. தமிழில் எழுதி உள்ளூர்ப் பதிப்பகத்தில் அச்சான ஓர் ஆய்வு நூல் அவ்விரண்டிலும் இடம்பெறுவதில்லை. அதை எழுதிய பேராசிரியரின் பல்கலைக்கழகத்துக்கு அந்நூலால் அக்கணக்கில் கிடைப்பது பூச்சியம்.