பெயருக்கு ஒரு கமிஷனர்

1945 ஏப்ரல் கடைசியில் நேதாஜி ரங்கூனை விட்டுக் கிளம்பிய கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஜப்பானியர் ஓடிவிட்டார்கள், பிரிட்டிஷார் இன்னும் வந்து சேரவில்லை. அந்தச் சில நாட்கள் ஊரைக் கொள்ளைக்காரர்கள் கையில் விடாமல் காத்தவர்கள் லோகநாதனின் கீழ் இருந்த ஐயாயிரம் சொச்சம் ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவ) வீரர்கள். இவ்வளவு பேர் இருக்க, அந்தப் பொறுப்பை நேதாஜி ஏன் இவரிடம் விட்டுப் போனார்? அதைச் சொல்ல அந்தமானுக்குப் போயாக வேண்டும். ரங்கூன் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

ஆற்காடு துரைசாமி லோகநாதன் துப்பாக்கி பிடித்து உயர்ந்தவர் அல்ல, டாக்டர். சிங்கப்பூர் விழுந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். ஐ.என்.ஏ.வில் மருத்துவப் பிரிவின் தலைவர், பிறகு நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் அரசில் ஓர் அமைச்சர். அந்தமான்-நிக்கோபார் தீவுகளை அந்த அரசிடம் ஒப்படைக்கப் போவதாக 1943 நவம்பரில் ஜப்பானியப் பிரதமர் டோஜோ அறிவித்ததும், டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேர் ஜிம்கானா மைதானத்தில் நேதாஜி கொடி ஏற்றியதும், தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயர் வைத்ததும் வாசகர்களுக்குத் தெரிந்தவை. தீவுகளுக்குத் தலைமைக் கமிஷனராக அவர் தேர்ந்தெடுத்தது லோகநாதனை.

ஆனால் லோகநாதனுக்கு முன்னால் இன்னொரு டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை.

திவான் சிங் 1927 முதல் அந்தமானில் அரசு மருத்துவர். பஞ்சாபியில் புதுக்கவிதையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் தீவில் இறங்கிய பிறகு, இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவராக நின்று, முடிந்தவரை மக்களுக்கும் அவர்களுக்கும் நடுவே தடுப்பாக இருந்தார். ஊர் குருத்வாராவைப் பட்டாளத்துக்காகக் கொண்டுவந்த பெண்களை வைக்க அவர்கள் கேட்டதாகவும், இவர் மறுத்ததாகவும் போர்ட் பிளேர் சீக்கியர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஜப்பானியருக்கு ஒரே சந்தேகம்: தீவிலிருந்து யாரோ உளவு சொல்கிறார்கள். சந்தேகம் முற்றிலும் பொய்யல்ல. முன்பு போர்ட் பிளேரில் போலீஸ் அதிகாரியாக இருந்த மெக்கார்த்தி, 1943 ஜனவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் சிறு குழுவோடு வந்து காட்டுக்குள் ஒளிந்து வேவு பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடிக்கத் துப்பில்லை. கையில் கிடைத்த ஊர்க்காரனைப் பிடித்தார்கள். சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசு பிறந்த அதே அக்டோபர் வாரத்தில், லீக்கின் தலைவரான திவான் சிங்கை ஒற்றன் என்று செல்லுலார் சிறைக்குக் கொண்டுபோனார்கள். எண்பத்திரண்டு நாள் சித்திரவதை. 1944 ஜனவரி 14 அன்று இறந்தார்.

தேதிகளைக் கூட்டிப் பாருங்கள். நேதாஜி டிசம்பர் கடைசியில் அதே சிறையைச் சுற்றிப் பார்த்தபோது, அவர் தலைமையேற்றிருந்த லீக்கின் உள்ளூர்த் தலைவர் அங்கேதான் உயிரோடு கிடந்தார். நேதாஜி மேல் எனக்குள்ள மரியாதை இந்தத் தொடரை ஆரம்பம் முதல் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: வீட்டுக்காரன் திறந்து காட்டிய அறைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போன விருந்தாளியாகத்தான் அவர் அங்கே இருந்தார். ஜனவரி 30 அன்று, போர்ட் பிளேருக்குத் தெற்கே ஹம்ஃப்ரிகஞ்சில், நாற்பத்து நான்கு பேரை ஒரே இடத்தில் சுட்டுப் புதைத்தார்கள். அதிலும் லீக்காரர்கள்தான் அதிகம். மூவர்ணக் கொடி ஏறிச் சரியாக ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

லோகநாதன் வந்து இறங்கியது அடுத்த மாதம், பிப்ரவரியில். யாரைத் துணையாகக் கொண்டு அவர் ஆட்சி நடத்தியிருக்க வேண்டுமோ, அவர்களைப் புதைத்துவிட்டுத்தான் அவரை வரவேற்றார்கள்.

ஒப்படைப்பு விழா நடந்தது. விழாவோடு சரி. போர்க்காலம், தீவு ராணுவ முக்கியத்துவம் உள்ளது, முழு அதிகாரம் போர் முடிந்த பிறகு என்றார்கள் ஜப்பானியக் கடற்படைக்காரர்கள். வேண்டுமானால் சில இலாகாக்களைத் தருகிறோம், போலீஸ் மட்டும் எங்களிடமே இருக்கும். லோகநாதனின் பதில் அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய முடிவு என்று நினைக்கிறேன்: போலீஸ் இல்லை என்றால் மற்ற எதுவும் வேண்டாம், கல்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அதாவது தலைமைக் கமிஷனர் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டார். நேதாஜிக்கு அறிக்கை அனுப்பினார், ஆனால் அந்த அறிக்கை போக வேண்டிய வழியும் ஜப்பானியர் வழிதான். ‘பொம்மை கவர்னர்’ என்று அவரைக் கேலி செய்த பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. பொம்மையாக இருந்திருந்தால், கொடுத்த இலாகாக்களை எல்லாம் வாங்கிக்கொண்டிருப்பார். கைதுகள் ஒரு பக்கம் நடக்க, ரேஷனுக்கும் வரிக்கும் கூலியாள் பிடிப்பதற்கும் இந்தியர் ஒருவரின் கையெழுத்து ஓடியிருக்கும். பழி அத்தனையும் ஆசாத் ஹிந்த் தலையில் விடிந்திருக்கும். ஐரோப்பாவில் ஹிட்லர் பிடித்த நாடுகளில், நான் ஏற்காவிட்டால் இதைவிட மோசமானவன் வருவான் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை அதிகாரிகள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார்கள்! இவர் அந்தச் சமாதானத்தைத் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் மறுத்ததால் சிறையில் இருந்த ஒருவரும் வெளியே வரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

1944-ன் பிற்பகுதியில் உடல்நலம் கெட்டு, பொறுப்பை மேஜர் ஆல்வியிடம் விட்டுவிட்டுத் தீவை விட்டுக் கிளம்பினார்.

போருக்குப் பிறகு ஐ.என்.ஏ. அதிகாரிகள் மேல் பிரிட்டிஷார் நடத்திய செங்கோட்டை வழக்கில் இந்தக் கல்வி இலாகா மறுபடி தலைகாட்டியது. ஆசாத் ஹிந்த் ஓர் அரசு, அதற்குச் சொந்த நிலம் இருந்தது, ஆகவே அது போர் தொடுத்தது ராஜத்துரோகம் ஆகாது என்பது அந்த அதிகாரிகளுக்காக வாதாடிய புலாபாய் தேசாயின் வாதம். நிலத்துக்குப் பெரிய சான்று அந்தமான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறிய லோகநாதன், போலீஸைத் தராததால் கல்வியைத் தவிர வேறெதையும் தான் ஏற்கவில்லை என்று சொன்னார். தன் தரப்பு வாதத்துக்கு இடிக்கும் என்று தெரிந்தும் உள்ளதை உள்ளபடி சொன்ன சாட்சி. இப்படிப்பட்டவரிடம் ஒரு நகரத்தை நம்பி விட்டுப் போகலாமா என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள்.

ரங்கூன் அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் யாராவது அந்தமான் சுற்றுலாவுக்குக் கிளம்புவதாக இருந்தால், செல்லுலார் சிறையோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு வண்டி பிடித்து ஹம்ஃப்ரிகஞ்சுக்கும் போய் வாருங்கள். அங்கே அந்த நாற்பத்து நான்கு பேருக்கு நினைவிடம் இருக்கிறது.