மாட்டிறைச்சித் தடைச் சட்டம்: மாநில அதிகாரம் எதுவரை?

மும்பை: மகாராஷ்டிரத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டம் பசுவதையைத் தடை செய்தது. காளைகளையும் எருதுகளையும் உரிய சான்றிதழுடன் வெட்ட அது இடமளித்தது. அந்த வாய்ப்பையும் நீக்கும் திருத்தம் 1995இல் நிறைவேற்றப்பட்டது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்ததோ 2015இல். எருமைக்குத் தடையில்லை.

இதன் தாக்கம் தாராவியில் நேரடியாக உணரப்பட்டது. அங்குள்ள தோல் தொழிலை வளர்த்தவர்களில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழர்கள் பலர் உண்டு. செம்பூரை அடுத்த தேவ்னார் மாநகராட்சி இறைச்சிக்கூடத்தில் காளை, எருது வெட்டுவது நின்றதால், அவற்றின் தோல் வரத்தும் நின்றது.

கால்நடைப் பாதுகாப்பு மாநிலப் பட்டியலின் 15ஆவது பதிவில் வருகிறது. விலங்குகள் மீதான கொடுமையைத் தடுப்பது பொதுப் பட்டியலின் 17ஆவது பதிவு. பொதுப் பட்டியல் விவகாரத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம், மத்திய சட்டத்துடன் முரண்பட்டாலும் அம்மாநிலத்தில் செல்லும். வெட்டுவதை முற்றிலும் தடை செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்பதை, குஜராத் வழக்கில் 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது.

சர்ச்சைக்குரியது திருத்தத்தின் 5டி பிரிவுதான். வெளிமாநிலத்தில் வெட்டப்பட்ட பசு, காளை, எருது இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம் என்றது அது. ஓராண்டு வரை சிறை. கேரளத்தில் சட்டப்படி வாங்கிய இறைச்சி, மும்பை வீட்டின் குளிர்சாதனப் பெட்டிக்கு வந்ததும் குற்றப்பொருளாகிவிடும். அது தடைக்குட்பட்ட இறைச்சி அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் மீதே சுமத்தப்பட்டது.

2016 மே 6ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் அபய் ஓகா, எஸ்.சி.குப்தே ஆகியோர் இவ்விரு பிரிவுகளையும் ரத்து செய்தனர். வெட்டுவதற்கான தடை நீடித்தது. உடல்நலத்துக்குத் தீங்கில்லாத, தான் விரும்பும் உணவை ஒருவர் தம் வீட்டில் உண்பதில் அரசு தலையிட முடியாது. அது அந்தரங்க உரிமையின் பாற்பட்டது என்பது தீர்ப்பின் சாரம். மாநிலத்துக்குள் சட்டவிரோதமாக வெட்டப்பட்ட இறைச்சியை வைத்திருந்த வழக்குகளிலும், அது இன்னதென்று அறிந்தே வைத்திருந்தார் என்பது நிலைநாட்டப்பட வேண்டும் என்றும் கூறப்பட்டது. இறைச்சியைப் பார்த்த மாத்திரத்தில் அது எம்மாநிலத்து மாடு என்று யாரும் சொல்லிவிட இயலாது என்பதால் இது முக்கியமானது.

மறு ஆண்டே மத்திய அரசு வேறு வழியில் வந்தது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017 மே மாதம் வெளியான விதிகள், வெட்டுவதற்காகச் சந்தையில் கால்நடைகளை விற்கத் தடை விதித்தன. இம்முறை எருமையும் ஒட்டகமும் சேர்க்கப்பட்டன. சந்தைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை என்று கேரளம் உள்ளிட்ட மாநிலங்கள் எதிர்த்தன. மே 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று அத்தடையை உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. விதிகளை மாற்றியமைப்பதாக மத்திய அரசு தெரிவித்தது.

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. என்ன உண்ண வேண்டும் என்று அரசு சொல்வதை எவரும் விரும்பமாட்டார் என நீதிபதி செலமேஸ்வர் தம் தனித்தீர்ப்பில் குறிப்பிட்டார். 5டி பிரிவு ரத்தானதை எதிர்த்து மகாராஷ்டிர அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்துள்ளது.