தபால் பெட்டிக்குப் பூட்டு வந்த கதை

"என்னடா இது அநியாயம்! சங்கத்துக்கு ஆயுள் சந்தா கட்டினவன் நான். சங்கத்துப் பேர்ல ஒரு லெட்டர் அனுப்ப என்னையே பாஸ்வேர்டு கேக்குதே?"

துபாயிலிருந்து என் வகுப்புத் தோழன் போனில் போட்ட சத்தம் இது. பென்னாகரத்தில் நம் ஜூனியர் தம்பி ஒருவர் வீட்டு அலமாரியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. சங்கத்தின் மின்னஞ்சல் எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது, வருகிறது. நண்பனின் கேள்விக்குப் போனில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பின்னால் நாற்பது வருடத்துக் கதை இருக்கிறது. அதை நம் மலரிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நம் ஊர்ப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. பஸ் கண்டக்டரிடம் ஒரு கவரைக் கொடுத்து, "தர்மபுரி ஸ்டாண்டுல நம்ம பையன் நிப்பான், குடுத்துடுங்கண்ணே" என்போம். அவரும் யார், எவர் என்று விசாரிக்காமல் வாங்கிக்கொள்வார். மின்னஞ்சலும் அப்படித்தான் தொடங்கியது. 1971ல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு முதல் கடிதம் அனுப்பினார். 1982ல் ஜான் போஸ்டல், எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் விதிகளை எழுதி வைத்தார். அந்த விதிகளில் "நீ யார்?" என்று சோதிக்கும் ஏற்பாடே கிடையாது. வலையில் இருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். எல்லோரும் தெரிந்தவர்கள். யார் கடிதம் கொடுத்தாலும் வாங்கி அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுவது மரியாதை என்றே கருதப்பட்டது.

நம் நாட்டில் 1986-87ல் எர்நெட் தொடங்கியபோதும் இதே நிலைதான். பம்பாய் என்.சி.எஸ்.டி., பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம், சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.கள், டில்லி மின்னணுவியல் துறை என எட்டே இடங்கள். என்.சி.எஸ்.டி.யில் இந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் சீனிவாசன் ரமணி. மோடம் வைத்து, டெலிபோன் லைனில் ஒரு கணினி இன்னொன்றை அழைத்து, சேர்ந்திருக்கும் கடிதங்களை மொத்தமாகக் கைமாற்றும். அடுத்தவர் கடிதத்தைச் சுமக்காவிட்டால் யார் கடிதமும் போய்ச் சேராது! 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கும் இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. தெரிந்தவர்கள் உலகம் அத்தோடு முடிந்தது.

உலக அளவில் இந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் விளம்பரக்காரர்கள். 1978 மே மாதமே கேரி துர்க் என்பவர் சுமார் 400 பேருக்குக் கேட்காமலே கம்ப்யூட்டர் விற்பனை விளம்பரம் அனுப்பித் திட்டு வாங்கினார். 1990களில் அது வெள்ளமானது. பிறருடைய சர்வர்களில் புகுந்து, அவர்கள் செலவில் லட்சக்கணக்கில் குப்பைக் கடிதங்களைத் தள்ளினார்கள். 1997 வாக்கில், இப்படித் திறந்து கிடந்த சர்வர்களை ஒதுக்கிவைக்கும் கறுப்புப் பட்டியல்கள் வந்தன. 1998ல் அன்றைய பிரபல அஞ்சல் மென்பொருளான சென்ட்மெயில், அந்நியர் கடிதத்தைச் சுமப்பதைத் தானாகவே நிறுத்திக்கொண்டது.

கதவைச் சாத்தியாயிற்று. வெளியூரில் இருக்கும் நம் வீட்டு ஆளும் வெளியே நின்றுவிட்டாரே! அதற்கு வழி மூன்று அடியில் வந்தது. 1998 டிசம்பரில், கடிதம் கொடுக்க வரும் சொந்த ஆட்களுக்கென்று 587ஆம் எண்ணில் தனி வாசல். 1999 ஜனவரியில் அந்த வழியை மறைகுறியாக்கத் தனி முறை. அதே வருடம் மார்ச்சில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் முறை. பழைய 25ஆம் எண் வாசல், சர்வருக்கும் சர்வருக்கும் இடையில் மட்டும். பாஸ்வேர்டும் மறைப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். மறைப்பில்லாத பாஸ்வேர்டு, போஸ்ட் கார்டில் எழுதிய லாக்கர் நம்பர் மாதிரி. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்! 2018ல், முதல் நொடியிலிருந்தே மறைப்போடு பேசும் 465ஆம் வாசலையும் முறைப்படி சிபாரிசு செய்தார்கள். மறைப்புக்கு வேண்டிய சான்றிதழுக்கு முன்பெல்லாம் பணம் கட்ட வேண்டும். 2015 முதல் லெட்ஸ் என்க்ரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது. பென்னாகரத்து அலமாரிக்கு அது பெரிய உதவி.

இத்தனை வரலாறு இருந்தும் நாங்கள் பட்டுத்தான் திருந்தினோம். வளைகுடா நண்பர்களுக்குக் கடிதம் போகவில்லை என்று சொன்னதும், "ரெண்டு நாளைக்குத் திறந்து விடுப்பா, திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்று தம்பியிடம் சொன்னவன் நான்தான். தம்பி, "வேணாம்ணே" என்றார். நான் கேட்கவில்லை. ஒரே ராத்திரியில் யாரோ நம் சர்வர் வழியாக ஆயிரக்கணக்கில் குப்பையை அனுப்பிவிட்டார்கள். நம் முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறியது. அதே வாரத்தில் நம் பேராசிரியர் ஒருவர் காலமானார். நாங்கள் அனுப்பிய செய்தி பாதிப்பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. பெங்களூரில் இருக்கும் மாணவர் ஒருவர் காரியம் முடிந்த பிறகு வந்து நின்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவர் கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போது எல்லாம் ஒழுங்காகிவிட்டது. வெளியூர் உறுப்பினர் எவரும் பாஸ்வேர்டு சொல்லி, மறைத்த வழியில்தான் கடிதம் கொடுக்க முடியும். ஒவ்வொரு கடிதத்திலும் சர்வர் டி.கே.ஐ.எம். கையொப்பம் இடுகிறது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இத்தகைய அடையாளத்தைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. வீட்டு லைனிலிருந்து நேராக வரும் கடிதத்தைப் பெரிய சர்வர்கள் சுலபத்தில் நம்புவதில்லை என்பதால், சந்தா கட்டி ஓர் அஞ்சல் நிறுவனம் வழியாக அனுப்புகிறோம். அங்கே நம் சர்வரே பாஸ்வேர்டு காட்டித்தான் கடிதத்தைக் கொடுக்கிறது! துபாய் நண்பனிடம் இதைச் சொன்னேன். "சர்வருக்கே அந்தக் கதியா? அப்ப சரி" என்று சிரித்துவிட்டான்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இதைப் புத்தகத்தில் மட்டும் படிக்காதீர்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நீங்களே செய்து பாருங்கள், தம்பி சொல்லித் தரக் காத்திருக்கிறார். முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாஸ்வேர்டை மறந்தவர்கள் இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் அவரைப் பார்த்துப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தவர் பாஸ்வேர்டை மட்டும் கடன் கேட்காதீர்கள்!