கன்ஜே ஸவாயீ: ஹாஜிகளைச் சுமந்த கப்பல்



வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதிவரும் கஹ்ஃபு அத்தியாயத்தில் ஒரு கப்பலின் செய்தி வருகிறது. ஏழைகள் சிலருக்குச் சொந்தமான அந்தக் கப்பலை ஹிள்ரு (அலை) அவர்கள் பழுதாக்கினார்கள். நல்ல நிலையிலுள்ள கப்பல்களை அபகரிக்கும் மன்னன் ஒருவன் இருந்ததே அதற்குக் காரணம். பழுதுபட்டதால் அக்கப்பல் தப்பியது. ஆனால் எந்தப் பழுதும் இல்லாத, பீரங்கிகள் நிறைந்த ஒரு பெருங்கப்பல் கொள்ளையரிடம் சிக்கிய வரலாறும் உண்டு. அதுவே முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் 'கன்ஜே ஸவாயீ'. 'மிகுந்த பொக்கிஷம்' என்பது அப்பெயரின் கருத்து.

மக்காவின் வாசல்

அக்காலத்தில் குஜராத்திலுள்ள சூரத் துறைமுகம் 'மக்காவின் வாசல்' எனப் போற்றப்பட்டது. ஹிந்துஸ்தானத்து ஹாஜிகளில் பெரும்பாலோர் அங்கிருந்தே புறப்பட்டனர். சூரத்தில் கன்ஜே ஸவாயீயை விடப் பெரிய கப்பல் இல்லை என்றும், அது ஆண்டுதோறும் இறையில்லம் நோக்கிச் சென்று வந்தது என்றும் வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதுகிறார்.

அது ஹஜ் கப்பல் மட்டுமன்று, வணிகக் கப்பலும்கூட. போகும்போது நம் நாட்டுச் சரக்குகளை ஏற்றிச் சென்று, மோக்காவிலும் ஜித்தாவிலும் விற்று, பொன்னும் வெள்ளியுமாகத் திரும்பும். அதைக் காக்க 80 பீரங்கிகளும் 400 துப்பாக்கிகளும் இருந்தன என்பது காஃபி கானின் கணக்கு. கப்பலின் நகுதாவாக இருந்தவர் இப்ராஹீம் கான்.

நடுக்கடலில் நேர்ந்த துயரம்

ஹிஜ்ரி 1107, அதாவது 1695 செப்டம்பர். ஹஜ்ஜை நிறைவேற்றிய மக்களைச் சுமந்துகொண்டு கப்பல் சூரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையன் 'ஃபேன்ஸி' என்ற கப்பலில் அதைத் துரத்தி வந்தான். 1694 இல் ஸ்பெயின் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கலகம் செய்து, தன் முதலாளிகளிடமிருந்து அவன் பறித்த கப்பல் அது. அதில் இருந்த பீரங்கிகள் 46 மட்டுமே.

சண்டையின் தொடக்கத்திலேயே கன்ஜே ஸவாயீயின் பீரங்கி ஒன்று வெடித்துச் சிதறி, அருகில் நின்றவர்களைக் கொன்றது. எதிரியின் குண்டு பட்டு நடுப் பாய்மரமும் சேதமடைந்தது. கொள்ளையர் கப்பலில் ஏறினர். அவ்வேளையில் நகுதா கீழ்த்தளத்திற்கு ஓடி, தாம் மோக்காவில் வாங்கிய அடிமைப் பெண்களுக்குத் தலைப்பாகை கட்டி, வாளைக் கொடுத்துப் போரிட அனுப்பினார் என்று காஃபி கான் எழுதுகிறார். அவர் கப்பலில் இருந்தவர் அல்லர், கேட்டறிந்து எழுதியவர். கொள்ளையரில் ஒருவனோ, சண்டை சுமார் 2 மணி நேரம் நீடித்ததாகச் சாட்சியம் அளித்தான். ஆகவே எவருமே போராடவில்லை என்று சொல்வது அநீதியாகும். தலைமை தளர்ந்தபோது கப்பல் வீழ்ந்தது என்பதே உண்மை.

அதன்பின் பல நாட்கள் கொள்ளையும் சித்திரவதையும் நடந்தன. பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். மானத்திற்கு அஞ்சிச் சிலர் கடலில் குதித்தனர். சிலர் கத்தியால் உயிரை மாய்த்துக்கொண்டனர். புனித பூமியிலிருந்து திரும்பியவர்களுக்கு நேர்ந்த கதி இது! பறிபோன பொன், வெள்ளியின் மதிப்பு 52 லட்சம் ரூபாய் என்கிறார் காஃபி கான். கிழக்கிந்தியக் கம்பெனியோ அதை விடக் குறைவாகவே மதிப்பிட்டது.

சிறையும் தீர்ப்பும்

சூறையாடப்பட்ட கப்பல் சூரத்தை அடைந்தபோது நகரமே கொதித்தெழுந்தது. சாமுவேல் ஆன்ஸ்லி உள்ளிட்ட கம்பெனியின் ஆங்கிலேயர்கள் சிறை வைக்கப்பட்டனர். 1696 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் விடுதலை பெற்றனர். கொள்ளையில் அவர்களுக்குப் பங்கில்லை. ஒருவன் செய்த பாவத்தை மற்றவர் சுமந்தனர். ஹஜ் கப்பல்களுக்குத் துணைக்கப்பல் அனுப்பக் கம்பெனி இணங்க வேண்டியதாயிற்று.

எவரி பிடிபடவே இல்லை. அவனுடைய கூட்டத்தார் ஆறு பேர் 1696 அக்டோபரில் இலண்டனில் விசாரிக்கப்பட்டனர். கன்ஜே ஸவாயீயைக் கொள்ளையிட்ட குற்றச்சாட்டில் நடுவர் குழு அவர்களை விடுவித்துவிட்டது! ஆங்கிலேயக் கப்பலைத் திருடிய வழக்கில்தான் தண்டனை கிடைத்தது. நவம்பர் 25 அன்று ஐவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் ஒருவன், கப்பலைத் திருடியதை விட, ஹிந்துஸ்தானத்து மக்களுக்கு இழைத்த கொடுமைக்காகவே தனக்கு இந்த மரணம் தகும் என்று இறுதி வேளையில் சொன்னதாக அக்கால வெளியீடு தெரிவிக்கிறது. நீதிமன்றம் சொல்லாததை அவனது மனசாட்சி சொன்னது.

நமக்குரிய படிப்பினை

சகோதரர்களே! நம் திருச்செங்கோட்டிலிருந்து கடல் வெகு தொலைவு. எனினும் இவ்வூரின் ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட வடநாடு வரை செல்கின்றன. முதலாளியின் இயந்திரமும், உடன் செல்லும் தொழிலாளரின் உயிரும் ஓட்டுநரின் கையில் இருக்கும் அமானிதம். பள்ளிவாசல் நிர்வாகியிடம் ஜமாஅத்தின் பணம் அமானிதம். குடும்பத் தலைவரிடம் மனைவி மக்கள் அமானிதம். அவ்வகையில் நாம் ஒவ்வொருவரும் ஒரு நகுதாவே.

ஆயுதம் வேண்டாம் என்பதன்று இவ்வரலாறு சொல்லும் பாடம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஆனால் கட்டும் கயிறு மட்டும் போதாது. காவல் நிற்பவரின் உள்ளமும் உறுதியாக இருக்க வேண்டும். 80 பீரங்கிகள் இருந்தும் அந்த ஹாஜிகள் காக்கப்படவில்லை. நம்மை நம்பி வந்தவர்களை ஆபத்து வேளையில் முன்னே தள்ளிவிட்டு நாம் கீழ்த்தளத்தில் ஒளிவோமா? அல்லது அவர்களுக்கு முன்னால் நிற்போமா? இக்கேள்விக்கான விடையை அமைதியான நாட்களிலேயே நாம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணிக் காக்கும் உள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.